ஏற்காட்டில் 20 சென்ட்: பாறை மலை சரியாது என்பது உண்மையா?

கேள்வி – 8 டிசம்பர் 2024

சேலத்தில் வேலை பார்க்கிறேன். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் 20 சென்ட் விலைக்கு வருகிறது. ஓய்வு பெற்றபின் சிறிய வீடு கட்டி, இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் எண்ணம். போன வாரப் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி வேண்டாம் என்கிறார். தரகரோ, "நீலகிரி மாதிரி இது மண் மலை இல்லை, பாறை மலை. வயநாட்டில் நடந்தது இங்கே நடக்கவே நடக்காது. நூறு வருஷமாக ஒரு சரிவும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். மலையை அறிந்தவர்கள் சொல்லவும்.

8 டிசம்பர், இரவு

பாறை மலை என்பது வரையில் தரகர் சரி. ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற கருநீலக் கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் இந்த இனக் கல்லைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். கல் நம்முடையது, பெயர் அவருடையது.

ஆனால் சரிவது பாறை இல்லை, பாறைமேல் உட்கார்ந்திருக்கும் மண். எண்ணெய் தடவிய தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மாவை ஊற்றிப் பாருங்கள். கல் கெட்டியாக இருப்பதால் மாவு நின்றுவிடுமா? மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது, பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் அங்கேயே ஊறுகிறது. மண்ணின் எடை கூடுகிறது, அடியில் பிடிப்பு குறைகிறது. அப்புறம் என்ன, கிளம்பிவிடும்.

திருவண்ணாமலையும் பாறை மலைதான். டிசம்பர் 1 அன்று அங்கே மண்ணும் பாறையும் வந்து வீட்டை மூடி ஏழு பேர் போனார்கள். உங்கள் தரகருக்குச் செய்தித்தாள் வருவதில்லை போலிருக்கிறது.

அன்று ஏற்காட்டில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அவ்வளவு பெய்தால் எந்த மலையும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

"நூறு வருஷமாக இல்லை" என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். எங்கள் அப்பா எஸ்டேட் ரைட்டராக இருந்தபோது வாங்கிய ஒன்றரை ஏக்கர் காப்பிக் காடு அதே பக்கத்தில் இருக்கிறது. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஒரு சரிவும் கண்டதில்லை.

9 டிசம்பர், காலை

திருத்தம். 50 செ.மீ. பெய்தது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில். ஏற்காட்டில் பதிவானது சுமார் 24 செ.மீ. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறிவிட்டு, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி உள்நாட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. அந்த நாட்களில் எல்லா ஊர்க் கணக்கும் என் தலைக்குள் கலந்துவிட்டது. சுட்டிக்காட்டிய ஊத்தங்கரைக்காரருக்குக் கோபம் நியாயமே. அவர் ஊர் மூழ்கியது, நான் மழையைத் திருடி ஏற்காட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் 24 செ.மீ. என்றால் கொஞ்சம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு ஏக்கர்மேல் 97 லட்சம் லிட்டர்.

9 டிசம்பர், மதியம்

ஒரு சுழி அதிகம். 9.7 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எண்பது. ஒவ்வொரு ஏக்கர்மேலும் எண்பது லாரியைக் கவிழ்த்த மாதிரி. கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

15 டிசம்பர்

மழைக்குப் பிறகு இன்றுதான் மேலே போனேன், மொபெட்டில். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கெங்கே மண் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். மண்ணைச் சாலையோரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று கவனித்தேன். சரிந்த இடங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, சாலைக்காக மலையின் காலை வெட்டிச் செங்குத்தாக விட்ட இடம். மற்றொன்று, மேலிருந்து ஓடை வந்து சாலைக்கு அடியில் குழாய்ப் பாலத்தில் நுழையும் இடம். குழாயின் வாயை இலை, கிளை, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகள் அடைத்துவிட்டால் ஓடை சாலைமேல் ஏறிக் குறுக்கே ஓடும். அந்தப் பக்கம் விழும் இடத்தில் சாலையின் அடிமண்ணைக் குடைந்துவிடும். மேலிருந்து வந்து விழுவது ஒரு பங்கு என்றால், கீழேயிருந்து காணாமல் போவது இன்னொரு பங்கு. மக்கள் அண்ணாந்தே பார்க்கிறார்கள், குனிந்து பார்ப்பதில்லை.

உருண்டைப் பாறைகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். யாரும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தவை அல்ல. பாறை விரிசல் வழியே தண்ணீர் புகுந்து ஓரங்களை மட்க வைக்கிறது, நடுவில் கெட்டியான கரு மட்டும் வெங்காயம் உரித்தது போல மிஞ்சுகிறது. சுற்றியுள்ள மண் இருக்கும்வரை அது அசையாது. மண் கரைந்தால் அதற்கு வீடு, பஸ் என்ற பேதமில்லை.

எங்கள் காட்டிலும் சேதம். காப்பிப் பழம் பறிக்கும் நேரத்தில் இந்த மழை. பாதிப் பழம் தரையில், களத்தில் காய்ந்தது மறுபடி ஊறிப் புளித்த வாடை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு லாரி மண் இறங்கிப் பின்சுவரைத் தள்ளியிருக்கிறது. மூன்று சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடியோடு சாய்ந்துவிட்டன. மழை அப்படி.

16 டிசம்பர்

எட்டாம் தேதி நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்றிரவு மலையிலேயே பெரியம்மா வீட்டில் தங்கினேன். எண்பது தாண்டியவர். கொட்டகைக்குப் பின்னால் மண் வந்ததைச் சொன்னதும், "இடிகாட்டில் மண் வராமல் வேறு எங்கே வரும் கண்ணு?" என்றார்.

எங்கள் ஒன்றரை ஏக்கரில் மேல்மூலைக்கு இடிகாடு என்று பெயர். சின்ன வயதிலிருந்தே அங்கே எப்போதோ இடி விழுந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் அந்தப் பக்கம் போக மாட்டேன். இருமுறை விழுமோ என்ற பயம். பெரியம்மா சிரித்தார். இடி விழுந்த காடு இல்லையாம், இடிந்த காடாம். அவருடைய மாமியார் புதுப்பெண்ணாக வந்த காலத்தில் ஐப்பசி அடைமழையில் அந்த மூலை அப்படியே இடிந்து கீழே ஓடை வரைக்கும் போயிற்றாம். ஆள் சேதமில்லை, இரண்டு மாடுகள் மட்டும். அதன்பிறகு அங்கே யாரும் வீடு கட்டவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதும் இப்போது விளங்குகிறது.

ஆக, "ஐம்பது வருஷமாகக் கண்டதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிய நான், இடிந்ததையே பெயராக வைத்திருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரன். தரகரைக் கேலி செய்ததற்கு மன்னிப்பு. அவருக்குத் தெரியாது, எனக்குப் பெயர் தெரிந்தும் தெரியவில்லை.

20 டிசம்பர்

நான்கு நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

15ஆம் தேதிக் குறிப்பில் "மழை அப்படி" என்று முடித்தேனே, அது பொய். முழுப் பொய் இல்லை, வசதியான பாதி உண்மை. அந்தக் கொட்டகையை 2016இல் நான்தான் போட்டேன். சமதளம் வேண்டும் என்று பொக்லைன் வைத்துச் சரிவின் அடிப்பகுதியை ஆளுயரம் வெட்டினேன். வெட்டிய மண்ணைக் கொட்ட இடமில்லை. பக்கத்தில் ஒரு பள்ளம், வருஷத்தில் பத்து நாள் மட்டும் தண்ணீர் ஓடும் கிளை ஓடை. அதில் கொட்டி நிரப்பி, மேலே வாழை வைத்தேன். வாழை நன்றாக வந்தது. வரத்தானே செய்யும், அடியில் ஓடை!

எட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த எட்டு வருஷம்தான் என்னைக் கெடுத்தது. சரிவின் காலை வெட்டி, தண்ணீரின் வாயை அடைத்து, ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் இருந்தேன். இந்த மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்திருக்கிறது. வழியில் வாழைத்தோட்டம். சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நுழைந்திருக்கிறது.

பெரியம்மாவிடம் அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொக்லைன்காரரிடம் வாடகை பேரம் பேசிய நேரத்தில் பாதி போதும்.

21 டிசம்பர்

"காடு" என்றால் வனம் என்று புரிந்துகொண்டு, வனத்தில் எப்படிக் கொட்டகை போட்டீர்கள், புகார் கொடுப்பேன் என்று ஒரு சென்னைக்காரர் கொதிக்கிறார். ஐயா, சேலத்துப் பக்கம் காடு என்றால் விவசாய நிலம். பட்டா இருக்கிறது. அமைதி.

4 ஜனவரி 2025

இந்தக் கேள்வி பதில் இழை எங்கோ போகிறது, போகட்டும். அஸ்தம்பட்டிக்காரர் நிலநடுக்கத்தைக் கேட்கிறார்.

சேலத்தில் வந்திருக்கிறது. 2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை, 3.3 அளவு. நான் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சி வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தேன். பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. எலி என்றேன். மனைவி, கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன வெடி என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றபின்தான் நாங்களும் போனோம், பாதிச் சவரத்தோடு.

அது சிறியது. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது சுமார் 6. தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது, அதாவது நடுத்தர அபாயம். வீடு கட்டினால் கம்பிக்கட்டு சரியாக இருக்கட்டும் என்பதற்கு மேல் இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்காட்டில் கட்டப்போகிறவர் பயப்பட வேண்டியது ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும்.

11 ஜனவரி

சரிவை மறந்த ஊர் பஞ்சத்தை எப்படி மறக்கவில்லை என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன்.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881இல் 16 லட்சத்துக்குக் கீழ் அல்லது அதையொட்டி. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் தொகை இப்படிக் குறைந்தால் எந்தக் குடும்பம் தப்பியிருக்கும்? எங்கள் பாட்டி பஞ்சத்துக்கு எத்தனையோ காலம் பின்னால் பிறந்தவர். இருந்தும் நாங்கள் தட்டில் சோறு மிச்சம் வைத்தால், "தாது வருஷத்தில் பிறந்திருக்க வேண்டும் நீ" என்பார்.

பஞ்சம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. சரிவு ஒருவர் காட்டுக்கு மட்டும் வருகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டு, பழம் பறிக்கப் போய்விடுகிறார். இரண்டு மாடுகளுக்காக ஊர் எத்தனை தலைமுறை அழும்? பெயரை வைத்ததே பெரிது.

12 ஜனவரி

"கீழ் அல்லது அதையொட்டி" என்ன கணக்கு என்று கேட்டவருக்கு: 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அவசரத்தில் எழுதினால் அப்படித்தான் வரும்.

2 மார்ச்

கன்னங்குறிச்சியில் இருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. "மேலே சரிந்தால் உங்களுக்கு, எங்களுக்கு என்ன?" என்கிறார் ஒருவர். நானும் உங்கள் தெருக்காரன்தான்.

மலையின் தென்முகத்தில் விழும் தண்ணீர் நம் தலைமேல்தான் வருகிறது. புது ஏரி நிறைந்தால் மூக்கனேரி, அது நிறைந்தால் ஊருக்குள். மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்கு நடுவே சாக்கடை வேடம் போட்டு ஓடினாலும், மழை வந்தால் தான் ஆறு என்பதை நினைவுபடுத்தும். டிசம்பரில் அதன் கரையில் இருந்தவர்களைக் கேளுங்கள். மேற்கே சரபங்கா, வடக்கே தருமபுரிப் பக்கம் வாணியாறு, எல்லாம் இதே மலையின் பிள்ளைகள். மேலே நான் ஓடையில் கொட்டிய மண்ணும் எங்கோ ஓர் ஏரியின் அடியில் வண்டலாகக் கிடக்கும். ஏரியின் கொள்ளளவில் என் கொட்டகையின் பங்கு எத்தனை குடம் என்று கணக்குப் போட ஆசை. சுழி பிசகும், வேண்டாம்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையில் போன வீடுகளில் பல சரிவிலேயே இருந்தவை அல்ல. ஆற்றோரம், ஓரளவு சமமான இடம். தொலைவில், மேலே உடைந்தது ஓடை வழியாக இறங்கி வந்தது. அங்கே இரண்டு நாளில் 57 செ.மீ. பெய்திருந்தது. அதனால் 20 சென்ட் வாங்குபவர் தன் 20 சென்ட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. மேலே யாருடைய காடு, அவர் எங்கே மண் கொட்டினார் என்றும் பார்க்க வேண்டும். என்னைப் போல ஒருவர் மேலே இருந்தால் வாங்காதீர்கள்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. தரகர் முன்பணம் கேட்கிறாராம். "எப்படிப் பார்ப்பது?" என்கிறார்.

வெயில் நாளில் காரில் போய்ப் பார்க்காதீர்கள். மழை விட்ட மறுநாள் நடந்து போங்கள். மரங்களைப் பாருங்கள். அடிமரம் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளைந்திருந்தால் மண் வருஷக்கணக்காக மெல்ல நகர்கிறது என்று அர்த்தம். வரப்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு இருக்கிறதா? பக்கத்து வீட்டில் கதவு சரியாக மூடுகிறதா? சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல்? ஊற்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ அன்றிரவு அங்கே படுக்கக் கூடாது. மண் நகரும்போது முதலில் தண்ணீருக்குத்தான் தெரியும். வாங்கியபின் அப்படி ஒன்றைப் பார்த்தால் எழுதிக்கொண்டிருக்காமல் முதலில் வெளியேறுங்கள், அப்புறம் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

ஏற்காடு தாலுகா கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருபவை. அனுமதி வாங்காமல் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால், நடையைக் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இடத்துக்கு ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். தரகரிடம் இல்லை. மாடு மேய்ப்பவரிடம்.

30 மார்ச்

கொட்டகையின் பின்சுவரை மறுபடி கட்டும் கதை. சேலத்திலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார், பெயர் வேண்டாம். பத்தடிக்குக் கான்கிரீட் சுவர், "யானை முட்டினாலும் அசையாது" என்றார். சேர்வராயனில் யானை எங்கே முட்ட வருகிறது? சுவரில் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் எங்கே என்று கேட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், சுவரில் கறை பிடிக்கும் என்றார். தண்ணீரை உள்ளே தேக்கும் சுவர், சுவர் இல்லை, அணை. அணையாகக் கட்டாத அணை.

அவரை அனுப்பிவிட்டேன். கொட்டகையையே பிரித்தாகிவிட்டது. தகரத்தைப் பெரியம்மா மகன் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார்.

20 ஏப்ரல்

கோடை மழை ஒன்று பெய்து காப்பி பூத்துவிட்டது. காடு முழுக்க மல்லிகை மாதிரி வாசனை. இது இழைக்குச் சம்பந்தமில்லாதது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாழைகளைத் தோண்டி ஓடையைத் திறந்துவிட்டேன். நாலு ஆள், ஆறு நாள். பொக்லைன் அரை நாளில் மூடியதைத் திறக்க இவ்வளவு. இப்போது கீழ்க்காட்டுக்காரருக்குக் கோபம். அவரும் என்னைப் பார்த்துத் தன் பக்கத்து ஓடையை மூடி வண்டி நிறுத்த இடம் செய்திருக்கிறார். "உன் தண்ணீரை என் மேல் விடாதே" என்கிறார். என் தண்ணீர் இல்லை, மலையின் தண்ணீர் என்றேன். அப்படியானால் எட்டு வருஷம் ஏன் நீயே வைத்துக்கொண்டாய் என்றார். பதில் இல்லை. இருவரும் பெரியம்மாவிடம் போனோம். அவர் இருவரையும் திட்டினார். கீழ்க்காட்டில் இரண்டடிக் குழாய் போட ஒப்பந்தம், செலவில் பாதி என்னுடையது. குழாய் போதாது, இலை அடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஐப்பசிக்கு முன் வாயைச் சுத்தம் செய்யும் முறை இந்த வருஷம் என்னுடையது.

18 மே

கேள்வி கேட்டவர் அந்த 20 சென்ட்டை வாங்கவில்லையாம். மாடு மேய்க்கும் ஒருவர், "பள்ளக்காட்டையா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டது போதுமாக இருந்ததாம். அவர் மனைவிக்கு என் வணக்கம்.

இன்று எனக்கே ஒரு தரகர் பேசினார். அதே ஆளாக இருக்கலாம், கேட்கவில்லை. கொட்டகை பிரித்த சமதளம் அப்படியே வெட்டிய நிலையில் இருக்கிறது, காட்சி நன்றாக இருக்கிறது, மேல்மூலையை மட்டும் கொடுங்கள் என்றார். அதற்கு இடிகாடு என்று பெயர், இடிந்த காடு என்று சொன்னேன். ஒரு நொடி பேச்சில்லை.

"அதனால் என்ன சார், பத்திரத்தில் சர்வே எண் மட்டும்தானே வரும்" என்றார்.